பேரன் வீட்டு வாசலில் மூடுபனி

சென்ற மாதக் கூட்டத்தில் காப்பி குடிக்கும்போது பேச்சுவாக்கில் நான் சொன்ன ஒரு விஷயத்தை எழுதித் தரும்படி நம் பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவில் மகள் வீட்டில் ஹாலோவீன் பண்டிகைக்காக மூடுபனி மெஷின் வைத்த கதை அது. இதில் எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அக்டோபர் பிறந்துவிட்டால் நம் சங்கத்து மூத்த உறுப்பினர்களில் நாலைந்து பேராவது அங்கே இருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், மகனுக்குப் புது வீடு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம். குளிர் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று போகிறவர்கள் இந்தப் பேய்த் திருவிழாவில் மாட்டிக்கொள்ளாமல் திரும்ப முடியாது. "தாத்தா, நீங்கள் இன்ஜினீயர்தானே?" என்று பேரன் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால் அப்புறம் தப்பிக்க வழியில்லை. நான் 2023-லும் 2024-லும் இரண்டு முறை மாட்டிக்கொண்டேன். முதல் முறை தோற்றேன், இரண்டாம் முறை ஒருவாறு தேறினேன். அந்த அனுபவத்தை அப்படியே எழுதுகிறேன்.

பண்டிகையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அக்டோபர் 31-ஆம் தேதி மாலை, குழந்தைகள் பேய், பிசாசு, சூனியக்காரி, சில சமயம் டைனோசார் என்று வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிறார்கள். எந்த வீட்டு வாசலில் விளக்கு எரிகிறதோ அந்த வீட்டுக்குப் போகலாம் என்பது சம்பிரதாயம். கிறிஸ்தவர்கள் எல்லாப் புனிதர்களையும் நினைக்கும் நவம்பர் 1-க்கு முந்தைய இரவு இது. அதற்கும் முன்னால் அயர்லாந்துப் பக்கத்துக் கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து இருட்டுக்காலம் தொடங்குவதைக் கொண்டாடிய பழக்கம் இதில் கலந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போனவர்கள் இதையும் கூடவே கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே மலிவாகக் கிடைத்த பூசணிக்காயைக் குடையத் தொடங்கினார்கள். புலம்பெயர்ந்தவர்கள் பண்டிகையைக் கையோடு கொண்டுபோவதும், கிடைக்கிற காயை வைத்துச் சமாளிப்பதும் நமக்குப் புதிதா என்ன? டெல்லியில் நாம் வாழை இலைக்குப் படாத பாடா?

என் மகள் இருப்பது நியூஜெர்சி மாநிலத்து எடிசன் நகரத்தில். 2023-இல் பேரனுக்கு ஒன்பது வயது. அவன் பிடிவாதத்தால் மாப்பிள்ளை 400 வாட் மெஷின் ஒன்று வாங்கி வந்திருந்தார். சப்பாத்தி டப்பா அளவுதான் இருக்கும். தெர்மோகோலில் செய்த கல்லறைகள் நாலு, பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று, வாசலில் தயார். கல்லறைகளுக்கு நடுவே தரையோடு தரையாகப் பனி தவழ வேண்டும் என்பது பேரனின் கட்டளை.

முதல் தவறு முந்தைய நாள் இரவே நடந்தது. வெளியே குளிராக இருந்ததால் கராஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சோதனை ஓட்டம் பார்த்தேன். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அரை நிமிஷம் பொத்தானை அழுத்தியிருப்பேன், வீட்டில் இருந்த புகை அலாரம் அத்தனையும் ஒரே நேரத்தில் அலறின. அங்கே ஒரு அறையில் அலாரம் அடித்தால் எல்லா அறையிலும் அடிக்கும்படி இணைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடினார். அதைவிடக் கவலை, ஐந்து வயதுப் பேத்திக்கு வீசிங் தொந்தரவு உண்டு. தூக்கத்திலிருந்து எழுந்து இரும ஆரம்பித்துவிட்டாள். மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு இன்ஹேலர் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டே கராஜ் கதவைப் பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது.

மறுநாள் மாலை மெஷினை வாசற்படியின் மேல்படியில் வைத்தேன். வெள்ளையாக ஒரு பீறல் வந்தது. வந்த வேகத்தில் மேலே எழும்பி, கூரையைத் தொட்டு, காற்றோடு போய்விட்டது. கல்லறைப் பக்கம் ஒரு துளிகூடப் போகவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் சமையலறையில் தாளிப்புக் கரிந்து ஜன்னல் வழியே புகை வருவது போலத்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து, ஏதாவது எரிகிறதா என்று அக்கறையாக விசாரித்தார். இன்னொன்றும் நடந்தது. டைனோசார் வேஷம் போட்ட நாலு வயதுப் பையன் ஒருவன் படி ஏறும்போது, நான் பொத்தானை அழுத்திய நேரம் பார்த்து, படி தெரியாமல் தடுக்கினான். பின்னால் வந்த அவன் அப்பா வாலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினை அணைத்து உள்ளே வைத்துவிட்டேன். வட இந்தியாவில் பனிக்காலத்து ரயில்களோடு முப்பது வருஷத்துக்கு மேல் மாரடித்தவன் நான். பார்வை மறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தபோதுதான், இந்த மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்பதையே பார்க்காமல் இயக்கியது புரிந்தது. இத்தனைக்கும் அது எனக்கு நன்கு பழகிய விஷயம். வேலையில் சேர்ந்த புதிதில் நீராவி எஞ்சின் ஷெட்டில் இருந்தேன். குளிர்கால விடியலில் எஞ்சினின் சேஃப்டி வால்வு திறந்தால் மேலே வெள்ளையாகப் பொங்கும். அதை எல்லோரும் நீராவி என்பார்கள். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. வால்வின் வாய்க்குச் சற்று மேலே கொஞ்ச தூரம் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும், அதுதான் நீராவி. அதற்கு மேல் வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய தண்ணீர். வீட்டில் இட்லிப் பானை மூடியைத் திறந்தாலும் இதே கதைதான்.

மூடுபனி மெஷினும் ஒரு குட்டி பாய்லர். ஒரு சிறிய டேங்கில் திரவம் இருக்கிறது. பெரும்பாலும் தண்ணீர், அதோடு கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்தது. ஒரு சின்ன பம்பு அதைச் சூடான உலோகக் கட்டிக்குள் தள்ளுகிறது. அந்தக் கட்டிக்குள் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் உண்டு. உள்ளே போன திரவம் கணத்தில் ஆவியாகி, பல மடங்கு விரிந்து, நாசில் வழியே பீறிட்டு வெளியே வருகிறது. வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்து நுண்துளியாகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அந்தத் துளிகள்தான். எதுவும் எரிவதில்லை. சங்கத்தின் பழைய புராண நாடகங்களில் தேவலோகக் காட்சிக்குத் திரைக்குப் பின்னால் நின்று சாம்பிராணி போடுவோமே, அது உண்மையான புகை. இது அப்படியல்ல.

ஹீட்டர் சூடேற ஐந்து நிமிஷமாவது ஆகும். தயார் என்று சின்ன விளக்கு எரிந்த பிறகுதான் பம்பு வேலை செய்யும். 400 வாட் மெஷின் அரை நிமிஷம் ஊதினால் கட்டி குளிர்ந்துவிடும், மறுபடி சூடேற ஓரிரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். ஆகவே மாலை முழுவதும் விடாமல் ஊதும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் ஈரமாகத் துப்பத்தான் செய்யும்.

சரி, பனி ஏன் மேலே போயிற்று? சூடாக வருவதால்தான். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடான எதுவும் மேலேதான் போகும். தரையோடு தவழ வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைவிட அதைக் குளிர்ச்சியாக்க வேண்டும். டெல்லியில் டிசம்பர், ஜனவரி மாதத்துப் பனி எப்படி உண்டாகிறது என்று நினைத்துப் பாருங்கள். மேகமற்ற இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று அதோடு சேர்ந்து குளிர்ந்து துளியாகிறது. காற்று அசையாத இரவில் அது கனமான போர்வையாகப் படிந்துவிடும். குளிர்ச்சி, ஈரம், அசையாத காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் பனி நிற்கும், ஒன்று குறைந்தாலும் கலையும். பேரன் வீட்டு வாசலில் அந்த மூன்றையும் செயற்கையாக உண்டாக்கத்தான் 2024-இல் முயன்றேன்.

குளிர்ச்சிக்கு வழி ஐஸ். கடைகளில் இதற்கென்றே செய்த பெட்டி கிடைக்கிறது, ஆனால் பிக்னிக்குக்கு எடுத்துப்போகும் பழைய ஐஸ்பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. நானும் பேரனும் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அதை மாற்றினோம். பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் மேலே ஒரு துளை, எதிர்ப்பக்கச் சுவரில் கீழே ஒரு துளை. இரண்டிலும் துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடும் நாலு அங்குல அலுமினியக் குழாயைச் செருகினோம். அடியிலிருந்து நாலைந்து அங்குலம் உயரத்தில் கோழிக்கூட்டுக் கம்பிவலையை மேஜை போல் மடித்து வைத்து அதன்மேல் ஐஸைக் கொட்டினோம். மேல்துளை வழியாக வரும் சூடான பனி ஐஸ் துண்டுகளின் இடுக்குகளில் புகுந்து இறங்கி, குளிர்ந்து, வலைக்குக் கீழே சேர்ந்து, அடித்துளை வழியே வெளியே வழிகிறது. உருகிய தண்ணீர் வலைக்குக் கீழே தேங்கும். அது வெளித்துளையை அடைக்காமல் இருக்க, பெட்டியில் ஏற்கெனவே இருந்த வடிகால் அடைப்பானைத் திறந்துவிட்டோம்.

ஐஸ் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். பெரிய கட்டியாகப் போட்டால் பனி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், குளிராது. தூளாகப் போட்டால் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் பங்கில் பை பையாக விற்கிறார்களே, பெரிய நெல்லிக்காய் அளவில், அதுதான் சரி.

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று பேரன் கேட்டான். அவனுக்காகக் கணக்குப் போட்டேன். ஹீட்டர் 400 வாட். அதன் சூடு அத்தனையும் ஐஸுக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 14,40,000 ஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக ஏறத்தாழ 3,34,000 ஜூல் வேண்டும். வகுத்தால் மணிக்கு 4.3 கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது அங்கே விற்கும் பத்துப் பவுண்டு பை இரண்டு. உண்மையில் ஹீட்டர் இடைவிடாமல் எரிவதில்லை, அதனால் இது தாராளக் கணக்கு. ஆனால் வெளிச்சூடும் ஐஸை உருக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அதற்கு அனுபவித்தேன். பின்னால் சொல்கிறேன்.

மெஷினின் நாசிலையும் பெட்டியின் குழாய் வாயையும் ஒட்டவைத்துவிடக் கூடாது. இரண்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும். பீறி வரும் ஆவி பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், அந்தக் காற்றில்தான் அது துளியாகிறது. மேலும் நாசில் கையைச் சுட்டுவிடும் அளவு சூடானது. பிளாஸ்டிக் எதுவும் அதைத் தொடக் கூடாது. மெஷினைக் குழாய் வாயின் உயரத்துக்குச் சமமாக ஒரு செங்கல்மேல் வைத்தோம். வெளியே வரும் குழாயை நீளமாக இழுக்கவும் ஆசைப்படக் கூடாது. நீளம் கூடக்கூடப் பனி குழாயின் சுவரிலேயே படிந்து சொட்டிவிடும்.

குளிர்ந்த பனி தண்ணீரைப் போல ஓடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும், தடுப்பு இருந்தால் தேங்கும். அதனால் வீட்டின் முன்னால் எங்கே பள்ளம், எங்கே வேலிச்செடி என்று பார்த்து வைத்தோம். மகள் வீட்டுப் புல்வெளி சுவரிலிருந்து தெருவை நோக்கிச் சரிகிறது. அப்படியே விட்டால் பனி நேராக ரோட்டுக்குப் போய்விடும். இங்கேதான் நான் கறாராக இருந்தேன். ஹாலோவீன் இரவில் கறுப்பு உடை போட்ட குழந்தைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் தெரு அது. கார் ஓட்டுபவரின் கண்ணெதிரே முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றால், சின்னக் குழந்தை அதற்குள் மறைந்துபோகும். ரயில்வேயில் பனி இறங்கி, 180 மீட்டர் தூரத்தில் வைத்த அடையாளம் தெரியாமல் போனால், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் வெடிச் சிக்னல்களை வைத்து டிரைவரை எச்சரிப்பார்கள். சக்கரம் ஏறியதும் டமார் என்று வெடிக்கும். இப்போது சிக்னல் நெருங்குவதை முன்கூட்டியே சொல்லும் ஜி.பி.எஸ். கருவியும் எஞ்சினில் வந்துவிட்டது. அத்தனை ஏற்பாட்டோடும் பனியில் வண்டி மெதுவாகத்தான் போகிறது. தெருவில் வரும் காருக்கு யார் வெடிச் சிக்னல் வைப்பது? ஆகவே கல்லறைகளைத் தெருவோரத்திலிருந்து வீட்டுப் பக்கமாக, வேலிச்செடிக்கு உட்புறம் மாற்றினோம். செடி அணைக்கட்டு போலப் பனியைத் தடுத்துத் தேக்கியது. காற்றையும் அதுவே மறித்தது. நடைபாதையும் படியும் பனி வரும் வழியிலிருந்து விலகி, மறுபக்கம் இருந்தன.

காற்று விஷயத்தில் நாம் செய்யக்கூடியது குறைவு. இலை அசையும் காற்று இருந்தாலே பனி நிற்காது. அந்தப் பக்கம் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மாலையில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்துவிட்டு மெஷினை வைப்பது நல்லது. வீட்டின் ஜன்னல்கள் பக்கம் காற்று அடித்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது அன்று வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். ஒரு விசிறி வைத்துத் தள்ளினால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். விசிறி பனியைச் சூடான காற்றோடு கலக்கிக் கலைத்துவிடும் என்றேன். கேட்கவில்லை. ஒரு முறை வைத்துப் பார்த்தோம், கலைந்தது.

அடுத்து வெளிச்சம். பணம் செலவழித்து மெஷின் வாங்குபவர்கள் பாதிப் பயனை இழப்பது இங்கேதான். முதல் வருஷம் வாசல் விளக்கு, அதோடு தெருப் பக்கத்திலிருந்து ஒரு ஃப்ளட்லைட், இரண்டும் முன்னாலிருந்து எரிந்தன. பனி வெறும் வெள்ளைச் சுவராகத் தெரிந்தது, கல்லறைகளும் மறைந்துபோயின. பனியில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஹைபீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வந்து கூசும். துளிகள் வெளிச்சத்தின் பெரும்பகுதியை அது போகும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. எனவே விளக்கு பனிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்து, பார்ப்பவரை நோக்கிச் சாய்வாக வர வேண்டும். அப்போதுதான் பனி ஒளிர்கிறது, கல்லறைகள் கறுப்பு நிழலாக எழும்பி நிற்கின்றன. இரண்டாம் வருஷம் தரையோடு தரையாக இரண்டே எல்.இ.டி. விளக்குகள். கல்லறைக்குப் பின்னால் நீலம் ஒன்று, பக்கவாட்டில் பச்சை ஒன்று. அவ்வளவுதான். பேரன் ஏழு வண்ணமும் வேண்டும் என்றான். கல்யாண ரிசப்ஷன் போலாகிவிடும் என்று மறுத்துவிட்டேன். நடைபாதைக்கும் படிக்கும் தனியாகச் சாதாரண வெள்ளை விளக்கு. அதை மட்டும் எதற்காகவும் அணைக்கக் கூடாது.

நேரமும் பார்க்க வேண்டும். அக்டோபர் 31-இல் அந்த ஊரில் சூரியன் மறைவது ஆறு மணிக்குச் சற்று முன்னால். கைக்குழந்தைகளும் சின்னஞ்சிறுசுகளும் அதற்கு முன்பே வெளிச்சத்தில் வந்து போய்விடுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் பனி எடுபடாது, அந்த வயதுக் குழந்தைகளை அழவைக்கவும் வேண்டாம். ஆறரைக்கு மேல், பெரிய பிள்ளைகள் வரும்போது தொடங்கினால் போதும். பொத்தானை அழுத்திப் பதினைந்து, இருபது விநாடி கழித்துத்தான் ஐஸ்பெட்டியிலிருந்து பனி வெளியே வரும். கூட்டம் வாசலுக்கு வந்த பிறகு அழுத்தினால் அவர்கள் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே பேரனிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்து, தபால் பெட்டியருகே பிள்ளைகள் திரும்பியதும் எனக்குப் பச்சை காட்டச் சொன்னேன். படியில் யாராவது கால் வைத்திருந்தால் சிவப்பு. சிவப்பு இருக்கும்வரை பொத்தானைத் தொடுவதில்லை. அவன் இந்தக் கார்டு வேலையைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட ரசித்துச் செய்தான்.

2024-இல் ஒரு சிக்கல் வந்தது. அந்த வருஷம் தீபாவளியும் அக்டோபர் 31-ஆம் தேதியே வந்தது. என் மனைவிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "ஏங்க, தீபாவளியும் அதுவுமா வாசல்ல எலும்புக்கூட்டை நிறுத்துவாங்களா? லட்சுமி எந்த வழியா வருவா?" என்றாள். மகள் இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தாள். பேரனோ ஒரு மாதமாக வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். கடைசியில் இடத்தைப் பிரித்துக்கொண்டோம். வாசற்படியும் நடைபாதையும் பாட்டிக்கு, வேலிச்செடிப் பக்கம் பேரனுக்கு. காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, லேகியம். மாலையில் படியில் கோலமும் விளக்கும். அகல் ஏற்ற வேண்டும் என்று அவள் சொன்னபோது மட்டும் நான் குறுக்கே நின்றேன். தரையில் புரளும் வேஷத் துணி போட்ட குழந்தைகள் படியேறும் இடத்தில் திறந்த சுடர் ஆகாது. பூஜை அறையில் நெய் விளக்கு, வாசலில் பேட்டரி விளக்கு என்று முடிவாயிற்று. பனியின் திரவம் தரையில் படிந்தால் வழுக்கும். இதனாலும் கோலத்துப் பக்கம் மெஷின் வரக் கூடாது என்று பாட்டி போட்ட நிபந்தனை எனக்கு வசதியாகப் போயிற்று.

இயற்கையும் அந்த வருஷம் ஒத்துழைக்கவில்லை. நியூஜெர்சியில் அந்த அக்டோபர் முழுவதும் மழையே இல்லை. பதிவுகளிலேயே மிக வறண்ட மாதம் அது. ஹாலோவீன் அன்று அக்டோபருக்குச் சம்பந்தமில்லாத வெக்கை வேறு. வறண்ட காற்றில் நுண்துளிகள் சீக்கிரம் உலர்ந்து மறைந்துவிடும். சூடான காற்றில் ஐஸ் வேகமாகக் கரையும். என் கணக்குப்படி வாங்கி வைத்த இரண்டு பை ஏழே கால் மணிக்கெல்லாம் தண்ணீராகிவிட்டது. மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு ஓடி இன்னும் இரண்டு பை வாங்கி வந்தார். பிற்பகலில் தோட்டக் குழாயால் கல்லறைகளைச் சுற்றிக் கொஞ்சம் புல்லை நனைத்து வைத்தேன். அந்த இடத்தில் ஈரமும் குளிர்ச்சியும் சற்றுக் கூடிற்று. ஆனாலும் மின்சார வயர் கிடக்கும் பக்கம் ஒரு சொட்டு விடவில்லை. வெளியில் போடுவதற்கென்று விற்கும் தடித்த எக்ஸ்டென்ஷன் வயரையே பயன்படுத்தினோம். அதைச் செருகியது கசிவு மின்சாரத்தைக் கண்டு தானே துண்டித்துக்கொள்ளும் பிளக் பாயின்ட்டில். அங்கே வீட்டு வெளிச்சுவரில் அந்த வகைதான் இருக்கும்.

பேத்தியை நான் மறக்கவில்லை. இது தண்ணீர்தானே, ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கிளைக்கால் பனி அடர்த்தியாகப் படும் இடத்தில் இருப்பவர்களுக்கு மூக்கும் தொண்டையும் உறுத்துகின்றன என்பது நியூயார்க் பிராட்வே மேடை நடிகர்களிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்விலேயே தெரியவந்தது. ஆரோக்கியமான நடிகருக்கே அப்படியென்றால் வீசிங் உள்ள குழந்தைக்கு? அவளை வீட்டுக்குள் ஜன்னலை மூடி, கண்ணாடி வழியாகப் பார்க்க வைத்தோம். மிட்டாய்க் கூடையும் அவள் பொறுப்பில்தான். வாசற்கதவு பனிக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் திறந்து திறந்து அவளே கொடுத்தாள். அன்றிரவு அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. மகள் அதைத் தனியாக வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

திரவத்தைப் பற்றி ஓரிரண்டு விஷயம். மெஷினுக்கென்று சொல்லப்பட்ட, தண்ணீர் அடிப்படையிலான திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. வீட்டில் கிளிசரினும் தண்ணீரும் கலந்து செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் சிதைந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் அக்ரோலின் என்ற பொருள் உண்டாகும். எண்ணெய் ஊற்றினால் தீப்பிடிக்கவும் கூடும். பன்னீரோ அத்தரோ சேர்த்தால் வாசனையாக இருக்குமே என்று என் மனைவி சொன்னதையும் ஏற்கவில்லை. குழாய்த் தண்ணீரையும் டேங்கில் விடக் கூடாது. உப்புத் தண்ணீரால் பாய்லர் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இந்தக் குட்டி பாய்லரின் வழி பேனா ரீஃபிள் அளவுதான், ஒரு சீசனிலேயே அடைத்துக்கொள்ளும். பண்டிகை முடிந்ததும் நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து, திறந்த வெளியில் கொஞ்ச நேரம் ஓட்டினால் உள்ளே சுத்தமாகும். டேங்க் வற்றிய நிலையில் பம்பை ஓடவிடக் கூடாது.

உலர்பனிக்கட்டி பற்றியும் கேட்கிறார்கள். சினிமாவில் கனவுப் பாட்டுக்குக் காலடியில் தவழவிடுவது பெரும்பாலும் அதுதான். அது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி. வெந்நீரில் போட்டால் அழகாகத்தான் வழியும், ஐஸ்பெட்டியும் வேண்டாம். ஆனால் ஒரு கிலோ கட்டி சுமார் 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும். அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்திலும் மூடிய அறையிலும் தேங்கி மூச்சை நிறுத்திவிடும். குழந்தையின் மூக்கு நம் மூக்கைவிடத் தரைக்கு அருகில் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும், இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும். குழந்தைகள் வந்து போகும் வீட்டில் எனக்கு அதில் சம்மதமில்லை.

இப்போது டெல்லிப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஹாலோவீன் வந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் இங்கே மெஷின் எதற்கு, ஜன்னலைத் திறந்தாலே போதுமே என்று ஒரு நண்பர் கேலி செய்தார். கேலி இருக்கட்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் காற்றில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு நண்பர், வரும்போது ஒரு மெஷின் வாங்கி வந்திருக்கலாமே, நம் நாடகத்துக்கு ஆகுமே என்றார். அங்கே விற்பது 120 வோல்ட் மெஷின். இங்குள்ள 230 வோல்ட்டில் செருகினால் 400 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 1,470 வாட் இழுக்கும். அப்புறம் உண்மையான புகையே வரும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம், ஆனால் அதன் கனமும் விலையும் மெஷினை விஞ்சிவிடும். இங்கே கல்யாணத்துக்கு டி.ஜே. வைப்பவர்களிடமே 230 வோல்ட் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆண்டு விழா நாடகத்தில் தேவலோகக் காட்சி இருந்தால் சொல்லுங்கள். ஐஸ்பெட்டி நான் செய்து தருகிறேன். ஆனால் ஹால் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், முன்வரிசையில் வீசிங் உள்ளவர்கள் யாரும் உட்காரக் கூடாது.